பூனையின் மேல் சுமத்தப்படும் பழிகள்: வாசகர் கேள்விகளும் கால்நடை வைத்தியரின் பதில்களும்

இம்முறை கிடைத்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது, மாடு, ஆடு, கோழி பற்றியவற்றைவிடப் பூனையைப் பற்றிய கடிதங்களே கூடுதலாக இருந்தன. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை கேள்விகளாக அல்லாமல் முறைப்பாடுகளாகவே எழுதப்பட்டிருந்தன. பூனை பழி வாங்குகிறது, வேண்டுமென்றே தூக்கத்தைக் கெடுக்கிறது, ஊட்டி வளர்த்த கையையே கடிக்கிறது என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கால்நடை வைத்தியராகப் பணியாற்றிய காலத்தில் இந்தக் குற்றச்சாட்டுகளை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். தீர விசாரித்தபோதெல்லாம் குற்றத்துக்குப் பதிலாக ஒரு நோயோ, ஒரு பயமோ, வீட்டார் தாமறியாமல் பழக்கிவிட்ட ஒரு வழக்கமோதான் வெளிப்பட்டிருக்கிறது. எனவே எட்டுக் கடிதங்களுக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் கடுவன் பூனைக்கு மூன்று வயது. கல்லடியில் வாடகை வீட்டில் இருந்த நாங்கள் இரண்டு மாதங்களுக்கு முன் நாவற்குடாவில் சொந்த வீட்டுக்குக் குடிவந்தோம். வந்த நாளிலிருந்து அது என் கணவர் படுக்கும் கட்டிலிலும் அவர் கழற்றிப் போடும் சாரத்திலும் மட்டும் சிறுநீர் கழிக்கிறது. ஒருநாள் அவர் அதைத் தும்புத்தடியால் அடித்துவிட்டார். அதற்குத்தான் பழி வாங்குகிறது என்கிறார். சாக்கில் போட்டுப் படுவான்கரைப் பக்கம் கொண்டுபோய் விடப்போவதாகவும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் என்ன செய்வது? (நாவற்குடா வாசகி)

பதில்: சகோதரி, வேறெதையும் பார்ப்பதற்கு முன், பூனை எவ்வாறு சிறுநீர் கழிக்கிறது என்பதை ஒரு நாள் பொறுமையாகக் கவனியுங்கள். நின்றபடியே வாலை நிமிர்த்தி, வால் நுனி நடுங்க, சுவருக்கோ கட்டில் காலுக்கோ பின்புறத்தைக் காட்டிச் சிறிதளவு பீச்சினால், அது தன் எல்லையைக் குறிக்கிறது. குந்தியிருந்து நிறையக் கழித்தால், கழிப்பதற்கு வசதியான இடம் அதற்கு அமையவில்லை என்று பொருள். இரண்டுக்கும் செய்ய வேண்டியவை வேறு வேறு. இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது நிலை ஒன்றும் உண்டு. அதுவே உயிருக்கு ஆபத்தானது. கடுவன் பூனையின் சிறுநீர்க்குழாய் மிகவும் ஒடுக்கமானது. உப்புப் படிகங்களோ சளி போன்ற கழிவோ அதை அடைத்துவிட்டால், பூனை திரும்பத் திரும்பக் குந்தி முக்கும், கத்தும், ஆண்குறியை நக்கிக்கொண்டேயிருக்கும், சிறுநீரோ ஒரு துளிகூட வராது, அல்லது இரத்தம் கலந்து சொட்டும். பிறகு சாப்பிடாமல் கிடந்து வாந்தியெடுக்கும். அந்த நிலையில் நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளிப்போட முடியாது. வெளியேற வேண்டிய பொற்றாசியம் இரத்தத்தில் ஏறி இருதயத்தை நிறுத்திவிடுவதால் ஓரிரு நாட்களுக்குள் பூனை இறந்துவிடும். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் பருக்கி இரண்டு நாள் காத்திருந்துவிட்டு, கூடைக்குள் குளிர்ந்துபோன உடலுடன் வந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் அன்பில்லாதவர்கள் அல்லர். அந்த அறிகுறியை அவர்களுக்கு எவரும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை.

உங்கள் பூனைக்குச் சிறுநீர் தடையின்றிப் போகிறதென்றால், வீடு மாறியதையே காரணமாகக் கொள்ளலாம். நம் வீட்டுப் பூனை ஆபிரிக்கக் காட்டுப்பூனையின் வழிவந்தது. மனிதரோடு அது சேர்ந்து வாழத் தொடங்கிப் பல ஆயிரம் ஆண்டுகளாகிவிட்டன. சைப்பிரசுத் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதருக்குப் பக்கத்திலேயே புதைக்கப்பட்ட பூனையின் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்த செய்தி 2004இல் வெளியானது. ஆயினும் தனியே வேட்டையாடித் தன் எல்லைக்குள் வாழ்ந்த அந்த மூதாதையின் இயல்பு இன்றைய பூனையை விட்டுப் போகவில்லை. அது தன் இடத்தை மணத்தால் அறிகிறது. கல்லடி வீட்டின் கதவு நிலையிலும் கதிரைக் காலிலும் மூன்று ஆண்டுகளாகக் கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்து அது எழுதிவைத்த மணங்கள் அத்தனையும் ஒரே நாளில் இல்லாமற் போய்விட்டன. புதிய சுண்ணாம்பும் வர்ணமும் மணக்கிற வீட்டில், அதற்குப் பழக்கமான மணம் மிகுதியாக ஒட்டியிருப்பது நீங்கள் படுக்கும் கட்டிலிலும் உடுத்துக் களையும் துணியிலும்தான். கலக்கமுற்ற பூனை தன் மணத்தை அந்த மணத்தோடு கலந்து ஆறுதல் தேடுகிறது. உங்கள் கணவருக்குப் பகையாகத் தெரிவது பெரும்பாலும் அவரை நாடி வருவதுதான் என்று அவரிடம் சொல்லுங்கள். அடித்ததை நினைவில் வைத்து, சாரத்தைத் தேடிப்போய், அவர் மனம் நோகும் என்று கணக்கிட்டுச் செய்கிற அளவுக்குப் பூனை திட்டமிடுவதில்லை. ஆனால் அடி ஒன்றைச் செய்யும்: பயத்தைக் கூட்டும். பயம் கூடினால் சிறுநீர் கழிப்பதும் கூடும்.

இரண்டு மூன்று வாரங்களுக்கு ஓர் அறையை மட்டும் அதற்கு ஒதுக்குங்கள். பழைய வீட்டில் அது படுத்த சாக்கையோ துணியையோ கழுவாமல் அங்கே போடுங்கள். அகன்ற பேசின் ஒன்றில் இரண்டு அங்குல ஆழத்துக்கு நுண்மணல் நிரப்பி, சாப்பாட்டுக்குத் தூரமாக, ஆள் நடமாட்டம் குறைந்த மூலையில் வையுங்கள். கழித்ததை நாளாந்தம் அள்ளிவிடுங்கள். பின்னர் ஒவ்வோர் அறையாகத் திறந்துவிடலாம். நனைந்த இடத்தைச் சலவைத்தூள் கரைத்த இளஞ்சூட்டு நீரால் கழுவி, தண்ணீர் கலந்த வினாகிரியால் துடைத்து, காய்ந்ததும் அப்பச்சோடாவைத் தூவி மறுநாள் தட்டிவிடுங்கள். தண்ணீரில் விட்டவுடன் பால்போல் வெளுக்கும் பினாயில் வகைத் திரவங்களைப் பூனை நடக்கும் இடத்தில் ஊற்ற வேண்டாம். காலில் பட்டதை நக்கி உட்கொள்ளும் பூனையின் ஈரல் அந்த நஞ்சை முறிக்க வல்லதன்று. நின்று பீச்சுகிற பூனையானால் விதைநீக்கச் சத்திரசிகிச்சை செய்துவிடுங்கள். பத்தில் ஏறத்தாழ ஒன்பது கடுவன்கள் அதன்பின் பீச்சுவதை நிறுத்திவிடும் அல்லது வெகுவாகக் குறைத்துவிடும்.

சாக்கு விடயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். வாவிக்கு அக்கரையில் விடப்படும் பூனை ஊர் பார்த்துப் பிழைத்துக்கொள்ளும் என்பது நம் மனச்சாட்சியை ஆற்றிக்கொள்வதற்காக நாமே சொல்லிக்கொள்ளும் கதை. அங்கே ஒவ்வொரு வளவிலும் ஏற்கெனவே ஒரு கடுவன் எல்லை வகுத்து வாழ்கிறது. ஒரு வீடு மாறியதையே தாங்காமல் கலங்கிய விலங்கை, மணமும் வழியும் தெரியாத வெளியில், நாய்களுக்கும் அந்தக் கடுவன்களுக்கும் நடுவே தள்ளிவிடுவதை நான் ஒருபோதும் சரியென்று சொல்லமாட்டேன்.

கேள்வி: எங்கள் பூனை தினமும் அதிகாலை மூன்றரை மணிக்குக் கதவைப் பிறாண்டிக் கத்துகிறது. எழும்பிப் போய் ஏதாவது கொடுத்தால்தான் அடங்குகிறது. கடந்த நோன்பு மாதத்தில் தொடங்கியது. நோன்பு முடிந்து இரண்டு மாதமாகியும் விடவில்லை. சுபஹுத் தொழுகைக்கு எழும்புவதற்கு முன்னரே எல்லோருடைய தூக்கமும் போய்விடுகிறது. (காத்தான்குடி வாசகர்)

பதில்: உங்கள் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. நோன்பு மாதத்தில் ஸஹர் செய்வதற்காக நீங்கள் மூன்றரைக்கு விளக்கைப் போட்டிருப்பீர்கள். குசினியில் சட்டி பானைச் சத்தம் கேட்டிருக்கும். மீன் துண்டொன்று பூனைக்கும் கிடைத்திருக்கும். ஒரு மாதம் முழுவதும் நாள் தவறாமல் கிடைத்த அந்த உணவு திடீரென நின்றபோது, பூனை தானறிந்த ஒரே வழியில் உங்களுக்கு நினைவூட்டியது. கத்தியது, நீங்கள் எழும்பினீர்கள், கொடுத்தீர்கள். நோன்பு முடிந்தபின் இரண்டு மாதங்களாக அந்தப் பாடம் நடந்துகொண்டிருக்கிறது. இங்கே ஓர் உண்மையைச் சொல்ல விரும்புகிறேன்: வளர்ந்த பூனைகள் தமக்குள் ஒன்றையொன்று பார்த்து ‘மியாவ்’ என்று கத்துவது அரிது. குட்டி தாயைக் கூப்பிடும் அந்த ஒலியை அவை வளர்ந்த பின்னும் மனிதருக்கென்றே வைத்துக்கொள்கின்றன. எந்தக் குரலுக்கு நாம் எழும்புகிறோம் என்பதை ஒவ்வொரு பூனையும் தன் வீட்டிலேயே கற்றுக்கொள்கிறது.

பூனை இயல்பாகவே விடியற்புறத்திலும் மைம்மல் பொழுதிலும் சுறுசுறுப்பாக இருக்கும் விலங்கு. பகலில் பெரும்பகுதியைத் தூங்கிக் கழிக்கும். வேட்டையாடுதல், உண்ணுதல், உடலை நக்கித் துப்புரவாக்குதல், தூங்குதல் என்பதே அதன் ஒழுங்கு. ஆகவே இரவு பத்து மணியளவில், ஒரு குச்சியில் துணிக்கீலத்தைக் கட்டி, கால் மணி நேரம் அதை ஓடவிட்டு விளையாடுங்கள். களைத்த பிறகு நாளின் பெரிய சாப்பாட்டை அப்போது கொடுங்கள். அதிகாலைக் கத்தலுக்கு ஒருவரும் எழும்பாதீர்கள். அதட்டுவதற்காகக்கூட எழும்ப வேண்டாம், ஏனெனில் அதட்டலும் பூனைக்கு ஒரு பதில்தான். முதல் சில நாட்களில் கத்தல் முன்னரிலும் உரக்கும். அதுவரை பலித்த வழி பலிக்காதபோது எந்த உயிரும் கூடுதலாக முயலும். அந்த நாட்களில் ஒருவர் மனமிரங்கி எழுந்தாலும், உரக்கக் கத்தினால் கிடைக்கும் என்ற புதிய பாடத்தையே அது கற்றுக்கொள்ளும். வீட்டார் எல்லோரும் ஒரே சொல்லில் நின்றால் இரண்டு மூன்று வாரங்களில் அடங்கும்.

சத்திரசிகிச்சை செய்யாத பெட்டைப் பூனையானால் இந்த விளக்கம் போதாது. குளிர்நாடுகளில் பகல் நீளும் மாதங்களில் மட்டுமே பெட்டைகள் பருவமடைந்து கடுவனை அழைக்கும். பகலும் இரவும் ஆண்டு முழுவதும் ஏறத்தாழச் சமமாக உள்ள நம் நாட்டில் அந்த அழைப்புக்கு மாதக் கணக்கில்லை. அந்தக் கத்தலைக் கெட்ட சகுனமென்று கல்லெறிகிற வீடுகளை நான் அறிவேன். அது பருவத்தின் குரல். கருத்தடை செய்தால் நின்றுவிடும்.

கேள்வி: நாங்கள் கடற்றொழில் செய்யும் குடும்பம். எங்கள் பூனைக்கு மீனுக்குக் குறைவில்லை. பச்சை மீனும் குடலும் தலையும்தான் அதன் சாப்பாடு. வேறெதையும் மோந்துகூடப் பார்ப்பதில்லை. இப்போது சில நாட்களாகத் தலை தொங்கி, தள்ளாடித் தள்ளாடி நடக்கிறது. ‘செய்வினை’ என்று அயலவர்கள் சொல்கிறார்கள். (வாழைச்சேனை வாசகர்)

பதில்: ஐயா, இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்வரை காத்திருக்கக் கூடாது என்பதால் உங்களுக்கு முன்னரே செய்தி அனுப்பியிருந்தேன், மற்றவர்களுக்காக இங்கும் எழுதுகிறேன். பல வகை மீன்களின் பச்சைத் தசையிலும் குடலிலும், விற்றமின் பி1 எனப்படும் தயமினை அழிக்கும் ஒரு நொதியம் இருக்கிறது. பச்சை மீனை மட்டுமே வாரக்கணக்கில் தின்னும் பூனையின் மூளையும் நரம்பும் அந்த விற்றமினின்றி வாடத் தொடங்கும். முதலில் பசி குறையும். பிறகு தள்ளாட்டம் வரும். கழுத்தை நிமிர்த்த முடியாமல் தாடை நெஞ்சை நோக்கித் தொங்கும். கடைசியில் வலிப்பு வரும். இது செய்வினையன்று, சாப்பாட்டு வினை. காலத்தோடு தயமின் ஊசி போட்டால், சாகக் கிடந்த பூனையும் ஒரு நாளுக்குள் தலை நிமிர்வதைக் காணலாம். பிந்தினால் மூளைக்கு நேர்ந்த சேதம் நிரந்தரமாகிவிடும்.

அந்த நொதியம் வேகவைத்தால் அழிந்துவிடும். எனவே மீனை அவித்துக் கொடுங்கள். உப்பும் மிளகாயும் வேண்டாம். அவித்த நீரையும் மீனோடு சேர்த்தே ஊற்றுங்கள். பூனையின் கண்ணுக்கும் இருதயத்துக்கும் இன்றியமையாத ‘ரோரின்’ என்ற சத்தை அதன் உடல் போதியளவு உண்டாக்கிக்கொள்வதில்லை. உணவில் உள்ள அந்தச் சத்து நீரில் கரைந்து இறங்கிவிடும். சூரை போன்ற கருந்தசை மீனையும் கொழுப்பு மிக்க மீன்களையும் தொடர்ந்து கொடுத்தால் விற்றமின் ஈ குறைந்து, தோலுக்கடியிலுள்ள கொழுப்பு மஞ்சளாகி வீங்கி நோகும், தொட்டாலே கத்தும். ஆகவே கிழமையில் இரண்டு மூன்று நாள் மீன், மற்ற நாட்களில் கோழியின் ஈரல், இருதயம், இறைச்சி, அவித்த முட்டை என்று மாற்றிக் கொடுங்கள். ஈரலை மட்டும் அளவோடு கொடுக்க வேண்டும்.

வீட்டில் மிஞ்சிய மீன்கறியைச் சோற்றில் பிசைந்து வைக்கும் வழக்கத்தையும் கைவிடுங்கள். வெங்காயமும் உள்ளியும், பச்சையாயினும் வெந்ததாயினும், பூனையின் செங்குருதிக் கலங்களை உடைப்பவை. பால்மா கரைத்துக் கொடுப்பதும் தேவையில்லை. பால் குடிக்கும் வயதைக் கடந்த பூனைகளில் பல பாற்சீனியைச் செரிக்க முடியாமல் கழிச்சலுக்குள்ளாகும். இனிப்பை ருசிக்கும் ஆற்றலே பூனைக்கு இல்லை. அதற்கான மரபணு பழுதுபட்டிருப்பதை 2005இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். உங்கள் பூனை ‘மோந்துகூடப் பார்ப்பதில்லை’ என்பது உண்மையாக இருக்கும். குட்டியில் ஒரே உணவில் வளர்ந்த பூனை புதியதை மறுக்கும். அவித்த மீனுக்குள் சிறு துண்டு கோழியைப் பிசைந்து, நாளுக்கு நாள் கூட்டி வாருங்கள். பசித்தால் தானே தின்னும் என்று பட்டினி போடக் கூடாது. இரண்டு மூன்று நாள் உணவின்றி இருந்தாலே பூனையின், சிறப்பாகக் கொழுத்த பூனையின், ஈரலில் கொழுப்புப் படிந்து உயிருக்கு ஆபத்தாகலாம்.

கேள்வி: எங்கள் வீட்டில் கைத்தறி போட்டிருக்கிறோம். பூனை பாவு நூலில் தொங்குகிறது, நூற்கண்டை உருட்டுகிறது, சாரம் நெய்து மடித்து வைத்த அடுக்கில் நகத்தைத் தேய்க்கிறது. நகத்தை வெட்டிவிடலாமா? (மருதமுனை வாசகி)

பதில்: சகோதரி, நட்டத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை, ஒரு பாவு அறுந்தால் அதை முடிச்சிட்டு எடுக்க எவ்வளவு நேரம் போகும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அறுந்த நூலைவிட விழுங்கிய நூலே என்னைக் கவலைப்படுத்துகிறது. பூனையின் நாக்கிலுள்ள முட்கள் தொண்டையை நோக்கிச் சாய்ந்தவை. நாக்கில் ஒட்டிய நூலைத் துப்ப அதனால் இயலாது, விழுங்கிக்கொண்டே போகும். நூலின் ஒரு நுனி நாக்கின் அடியிலோ இரைப்பையின் வாயிலிலோ சிக்கிக்கொண்டால், குடல் அந்த நூலின்மேல் சுருக்குப்பை போலக் கொய்து, கடைசியில் அறுபடும். வாயிலோ மலவாயிலிலோ நூல் தொங்கக் கண்டால் இழுக்கவே வேண்டாம். அப்படியே மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். நூற்கண்டுகளை மூடியுள்ள பெட்டியில் வையுங்கள்; தறியறைக் கதவைச் சாத்தப் பழகுங்கள்; தறிக்குக் கீழே விழும் துண்டு நூல்களைப் பொழுதுபட முன் கூட்டி அள்ளிவிடுங்கள்.

பிறாண்டுவதைத் தடுக்க முடியாது, இடம் மாற்றலாம். பிறாண்டும்போது நகத்தின் மேற்தோடு கழல்கிறது, முதுகு நீள்கிறது, விரலிடையிலுள்ள சுரப்பிகளின் மணம் அந்த இடத்தில் பதிகிறது. மூன்றடி உயரமுள்ள, அசையாத ஒரு மரக்குற்றியில் தும்புக் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, அது தூங்கி எழும்பும் இடத்துக்குப் பக்கத்திலேயே நட்டுவிடுங்கள். தூங்கி எழுந்தவுடன் சோம்பல் முறித்துப் பிறாண்டுவதுதான் பூனையின் முதல் வேலை. நகத்தின் கூர் நுனியை மட்டும் வெட்டலாம். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும் சதையில் படக் கூடாது. நகத்தை வேரோடு எடுக்கும் சத்திரசிகிச்சை வெளிநாடுகளில் நடந்ததாகக் கேள்விப்பட்டு ஒரு சிலர் விசாரிக்கிறார்கள். அது விரலின் கடைசி எலும்பையே வெட்டியெடுப்பது. என்னிடம் கேட்கவே வேண்டாம்.

கேள்வி: பூனை குட்டிகளை ஏழு வீடு மாற்றும் என்பது உண்மையா? எங்கள் அலுமாரிக்குள் போட்ட குட்டிகளை நாங்கள் பார்த்ததும் தூக்கிக்கொண்டு போய்விட்டது. (செங்கலடி வாசகர்)

பதில்: ஏழு என்ற எண்ணிக்கைக்கு ஆதாரமில்லை, இடம் மாற்றுவது உண்மை. கிடந்த இடத்தில் குட்டிகளின் மணம் ஏறினாலும், ஆட்கள் அடிக்கடி எட்டிப் பார்த்தாலும், தன் வாரிசல்லாத குட்டிகளைக் கொல்லும் வேற்றுக் கடுவன் அருகே நடமாடினாலும் தாய் பாதுகாப்பான இடம் தேடும். புதிய இடத்தைக் கண்டுபிடித்தால் தூர நின்று சாப்பாடும் தண்ணீரும் வையுங்கள். கண் திறந்து, இரண்டாவது கிழமையிலிருந்து ஏழாவது கிழமை வரை நாளாந்தம் சற்று நேரம் மென்மையாகக் கையில் எடுத்துப் பழக்கினால், அந்தக் குட்டி வாழ்நாள் முழுவதும் மனிதருக்கு அஞ்சாது. எட்டுக் கிழமைக்கு முன் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம்.

கேள்வி: எனக்கு இது மூன்றாம் மாதம். பூனை இருக்கிற வீட்டில் பிள்ளை ஊனமாகப் பிறக்கும் என்று மாமியாரும் அயலவர்களும் சொல்லி, ஐந்து வருடமாக வளர்த்த என் பூனையை உடனே அகற்றச் சொல்கிறார்கள். நான் அழுதுகொண்டுதான் எழுதுகிறேன். (தம்பிலுவில் வாசகி)

பதில்: மகளே, உங்கள் மாமியாரின் பயம் வெறும் கற்பனையன்று, ஆனால் அவர் சொல்லும் தீர்வு தேவையற்றது. ‘ரொக்சோபிளாஸ்மா’ என்ற நுண்ணுயிர் பூனையின் மலத்தில் வெளியேறக் கூடியது. கருவுற்ற பெண்ணுக்கு முதன்முறையாக அது தொற்றினால் சிசுவைப் பாதிக்கவும் கூடும். ஆயினும் ஒரு பூனை பொதுவாக வாழ்நாளில் முதல் தடவை தொற்றும்போது மட்டும், ஒன்று முதல் மூன்று கிழமை வரையே அதை வெளியேற்றும். வெளியேறியவுடன் அது தொற்றாது. தொற்றும் நிலைக்கு வர ஒரு நாள் முதல் ஐந்து நாள்வரை செல்லும். எனவே மணல் பேசினை நாளாந்தம் கழுவினால் ஆபத்தின் பெரும்பகுதி அகன்றுவிடும். அந்த வேலையைப் பிள்ளை பிறக்கும்வரை உங்கள் கணவர் செய்யட்டும். பூனையைத் தொடுவதாலோ அது மடியில் படுப்பதாலோ தொற்றுவது அரிது. மனிதருக்கு இது பெரும்பாலும் சரியாக வேகாத இறைச்சி வழியாகவும், கழுவாத கீரை, மரக்கறி வழியாகவும், தோட்ட மண்ணிலிருந்து கை வழியாகவுமே வருகிறது. இறைச்சியை நன்றாக வேகவையுங்கள். கீரையை ஓடும் நீரில் கழுவுங்கள். வளவில் புல் பிடுங்கும்போது கையுறை அணியுங்கள். பூனைக்குப் பச்சை இறைச்சி கொடுக்காதீர்கள். உங்களைப் பார்க்கும் மகப்பேற்று வைத்தியரிடமும் குடும்பநல மருத்துவ மாதுவிடமும் இதைச் சொல்லுங்கள். மாமியாரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்; மருமகள் சொல்லும்போது பிடிவாதமாகத் தெரிவது, வைத்தியர் சொல்லும்போது விளக்கமாகத் தெரியும்.

கேள்வி: மடியில் படுத்துத் தடவும்போது சுகமாக உறுமிக்கொண்டிருந்த பூனை திடீரென என் ஆறு வயது மகனின் கையைக் கடித்துவிட்டது. சிறிய காயம்தான். (பொத்துவில் வாசகி)

பதில்: காயம் சிறியதென்று விட்டுவிட வேண்டாம். பூனையின் பல் ஊசிபோல ஆழத்தில் கிருமியைச் செலுத்திவிடும். மேற்தோல் மூடிக்கொள்ள உள்ளே சீழ் கட்டும். அதைவிடப் பெரிய கவலை விசர்நோய். நாய்க்கு மட்டுமல்ல, பூனைக்கும் அது வரும். அறிகுறி தோன்றிவிட்டால் மனிதருக்கு மீட்சியில்லை என்றே கொள்ள வேண்டும். கடித்த இடத்தை ஓடும் நீரிலும் சவர்க்காரத்திலும் முழுதாகப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரச வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். ஊசி தேவையா என்பதை வைத்தியர் முடிவு செய்யட்டும். பூனைக்கு மூன்று மாதத்தில் விசர்நோய்த் தடுப்பூசி போட்டு ஆண்டுதோறும் புதுப்பியுங்கள்.

‘திடீரென’ என்பதைப் பற்றியும் ஒரு சொல். வால் நுனி அடிக்கத் தொடங்குவது, முதுகுத் தோல் சிலிர்ப்பது, காது பக்கவாட்டில் சாய்வது, உறுமல் நின்றுபோவது ஆகிய யாவும் ‘போதும்’ என்பதற்கான பூனையின் சொற்கள். நாம் வாசிக்காதபோதுதான் அது பல்லால் சொல்கிறது. வயிற்றையும் வாலடியையும் தடவ வேண்டாம். கன்னமும் நாடியும் போதும். மகனுக்கு இன்னொன்றும் கற்றுக் கொடுங்கள்: பூனையைப் பார்த்துக் கண்ணை மெதுவாகச் சுருக்கி மூடித் திறந்தால், அது தானும் அவ்வாறே செய்து நெருங்கி வரக் கூடும். இதை 2020இல் வெளியான ஓர் ஆய்வும் காட்டியது.

கேள்வி: என் மனைவி வளர்த்த பூனை இது. அவர் இறந்து நான்கு வருடமாகிறது. பூனைக்கு இப்போது பதினான்கு வயது. முன்பு மதிலுக்கும் கூரைக்கும் பாய்ந்தது. இப்போது என் கட்டிலுக்குக்கூட ஏறுவதில்லை. தன் உடம்பை நக்குவதில்லை, தூக்கினால் சீறுகிறது. என்னைப் பிடிக்காமற் போய்விட்டதா? நோவென்றால் மகனிடம் சொல்லி ஒரு பனடோல் வாங்கிக் கால் துண்டு கொடுக்கலாமா? (களுதாவளை வாசகர்)

பதில்: பெரியவரே, கொடுக்கவே வேண்டாம். பனடோலில் உள்ள பரசிற்றமோல் பூனைக்குக் கொடிய நஞ்சு. நம் ஈரல் அதை முறிக்கும் வழி பூனையின் ஈரலில் மிகக் குறைவு. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் கபில நிறமாகிவிடும்; முகம் வீங்கி, மூச்சு வாங்கி இறந்துவிடும். ஒரே ஒரு வில்லை ஒரு பூனையைக் கொல்லப் போதும். கால் துண்டும் ஆபத்துத்தான். அன்பினால் கொடுத்துவிட்டுக் கதறிய ஒரு தாயின் முகம் இருபது வருடங்களாக என் நினைவில் இருக்கிறது. அதனால்தான் இந்த ஒரு கேள்வியை நீங்கள் கேட்டுவிட்டுக் காத்திருந்ததற்காக உங்களுக்கு நன்றி சொல்கிறேன்.

உங்களை அதற்குப் பிடிக்காமற் போகவில்லை. பன்னிரண்டு வயதைக் கடந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்கு மூட்டுத் தேய்வு இருக்கும். நாய்போல நொண்டிக் காட்டாமல், பாய்வதை நிறுத்தியும் நக்குவதைக் குறைத்தும் தூக்குபவரைச் சீறியுமே பூனை நோவைச் சொல்லும். தூக்கும் கை நோகும் இடுப்பில் படுகிறது, அவ்வளவுதான். சிறுநீரகமும் தைரொயிட்டும் கெட்டாலும் இதே சாயல் தெரியும் என்பதால், ஒருமுறை மிருக வைத்தியரிடம் காட்டி இரத்தம் சோதிப்பியுங்கள். பூனைக்கென்றே உள்ள நோவு மருந்துகளை அவர் அளந்து தருவார். வீட்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பலகைக் கட்டையைப் படியாக வையுங்கள். சாப்பாட்டுத் தட்டையும் தண்ணீர்ச் சட்டியையும் நாலைந்து அங்குலம் உயர்த்தி வையுங்கள். மணல் பேசினின் ஒரு பக்க விளிம்பைத் தாழ வெட்டிவிடுங்கள். மாரி மழைக் காலத்தில் ஈரச் சீமெந்துத் தரையில் படுக்கவிடாமல், மடித்த சாக்கின்மேல் ஒரு பழைய சேலைத் துண்டைப் போட்டுக் கொடுங்கள்; உங்கள் மனைவியின் சேலை ஏதேனும் அலுமாரியில் இருந்தால் அதையே போடுங்கள். அதன் முதுகையும் பின்தொடைகளையும் மென்மையான தூரிகையால் நாளுக்கு ஒரு தடவை வாரிவிடுங்கள். தூக்க வேண்டாம், அது இருக்கும் இடத்துக்கு நீங்கள் போய்ப் பக்கத்தில் அமருங்கள்.